கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்

ஈப்போ, 1979

அப்பாவுக்கு நவமணி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் இருமல் நின்றதா?

எங்கள் ஆஸ்பத்திரி உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவுக்குச் சுங்காய்த் தோட்டத்து ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர் வந்தார். வாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. அந்தக் கையில் ஒரு கோலைக் கொடுத்து, மரத்தில் பால் வெட்டுவதுபோல் இழுக்கச் சொன்னேன். கோல் நழுவி விழுந்தது.

“அடுத்த மாசம் வெட்டப் போலாமா தங்கச்சி? இல்லேன்னா தோட்டத்துல குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க.”

“கோல் வழுக்குது அண்ணே,” என்று சொல்லிக் குனிந்து எடுத்தேன்.

அம்மாவின் பழைய கைலி ஒன்று அனுப்புங்கள். விடுதியில் தூக்கம் வரவில்லை.

மரம் வெட்டும்போது உங்களுக்கு வலத்தோள் தூக்க முடியவில்லை என்று தம்பி எழுதியிருந்தான். உத்தரத்தில் கயிறு போட்டு, ஒரு நுனியை வலக்கையில் பிடித்து, மறுநுனியை இடக்கையால் இழுத்து வலக்கையை மெல்ல உயர்த்துங்கள். மணி அடித்துவிட்டது, போகிறேன்.

நவமணி

கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள் அப்பா. நம் தோட்டத்துக் கங்காணி பார்த்துவிடக் கூடாது.