நாத்தனார் பிடித்த கயிறு

மதினி,

தொட்டிலுக்குப் புதுக் கயிறு வாங்கி வந்திருக்கிறார் இவர். துறைமுகத்துப் பக்கத்துக் கடையில் கிடைத்த தேங்காய்நார்க் கயிறு. பிசிறு பிள்ளையைக் குத்திவிடக்கூடாதே என்று காலையில் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தேன். தூத்துக்குடிக் கிணறு எப்படிப்பட்ட உப்பு என்று உனக்குத் தெரியும். கொடியில் பாதி காய்ந்தபோது அதை எடுக்கப் போனவள், எடுத்த கையோடு நின்றுவிட்டேன். ஈர நாரும் உப்பும் சேர்ந்த அந்த மணம். இது தொட்டிலுக்கு வாங்கியதில்லை, உன் இடுப்பில் கட்டிய கயிறு என்று உள்ளங்கை சொன்னது.

உனக்கு எப்போதோ எழுதியிருக்க வேண்டும். போனவளுக்கு எழுதி எங்கே அனுப்புவது என்று இருந்துவிட்டேன். இப்போது பிள்ளை தொட்டிலில் தூங்குகிறாள், ஆட்டுகிற கயிற்றின் நுனி என் இடது கையில் இருக்கிறது, வலது கையால் இதை எழுதுகிறேன். சாயங்கால வெயில் சுவரில் மீன் செதில் மாதிரி அசைகிறது.

நீ பார்க்காத பிள்ளை இவள். போன மாதம் மார்ச்சளி வந்து படுத்தி எடுத்துவிட்டாள். இப்போது ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கவிடுங்கள், தூக்கந்தான் மருந்து என்கிறார் டாக்டர். என்னால்தான் விட முடியவில்லை. சேலைத் தொட்டிலுக்குள் அவள் அசையாமல் கிடந்தால் மூச்சு இருக்கிறதா என்று குனிகிறேன். தெரியாவிட்டால் கன்னத்தைத் தொடுகிறேன். அவள் வீரிட்டு விழிக்கிறாள். இன்றைக்கு மத்தியானமும் அப்படித்தான்.

"ஏளா, தூங்குத பிள்ளைய என்னத்துக்கு எழுப்புத?" என்றார்கள் என் மாமியார். "பி.ஏ. படிச்சவ செய்யுத வேலையா இது? பிள்ள தேறண்டாமா?"

நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டை விடுதியில் ஒரே அறையில் இருந்தபோது உன்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே, "இனிமே மதினின்னு கூப்பிடு" என்று அம்மா சொல்லிவிட்டாள். முதல்தரம் கூப்பிட்டபோது நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். பிறகு பழிக்குப் பழியாக என்னை "நாத்தனாரே" என்றாய்.

உலகச் சண்டை முடிந்து துறைமுகத்து விளக்குகள் பழையபடி எரியத் தொடங்கியிருந்த சமயம் அது. அண்ணனுக்குக் கொழும்பில் வேலை. கப்பலுக்கு இடம் பதிவாகி, உன் தகரப்பெட்டி நடுக்கூடத்தில் திறந்து கிடந்தது. அப்போதுதான் கேட்டாய்.

"கப்பல் ஏறுறதுக்கு முந்தி ஒரு நாள் தீவுக்குப் போயிட்டு வாரேன் அத்தே. தனியா."

"தனியாவா? கல்யாணம் ஆனவளுக்கு அங்கன என்ன வேல?"

"வேல ஒண்ணும் இல்ல. அதுக்குத்தானே லீவுன்னு பேரு."

அண்ணன் பத்திரிகைக்குப் பின்னால் சிரித்தது எனக்குத் தெரிந்தது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்க்கிற ரப்பர் விளிம்புக் கண்ணாடி ஒன்றை உனக்குக் கொழும்பிலிருந்து வாங்கி வந்திருந்தவனும் அவன்தான். கடைசியில் அம்மா இறங்கி வந்தாள். போகலாம், ஆனால் துணைக்கு நான் போகவேண்டும், வழக்கமாக அப்பாவுக்குப் படகு ஓட்டும் புன்னைக்காயல் அண்ணாச்சிதான் கூட்டிப்போக வேண்டும், ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

படகில் ஏறியதும் என் காதில் சொன்னாய்: "தனியாப் போறேம்னேன், ஊரையே ஏத்தி அனுப்பிட்டாங்க. பரவால்ல. கடலுக்குள்ள உங்களால வர முடியாதுல்லா."

அந்தத் தீவை இன்னமும் நான் கனவில்தான் பார்க்கிறேன். நிஜத்திலேயே அது கனவு மாதிரிதான் இருந்தது. வெள்ளை மணல், நாலைந்து தாழைப் புதர், அதற்கு மேல் வெறும் வானம். படகு நின்ற இடத்தில் தண்ணீர் அவ்வளவு தெளிவு. படகின் நிழல் அடி மணலில் தனியாக மிதந்தது. அதற்குள் ஒரு மீன் கூட்டம் நுழைந்து கறுத்து, வெளியே வந்து மின்னியது. தூத்துக்குடியில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. நீ ஆத்தூர்க்காரி, ஆற்றில் விழுந்து வளர்ந்தவள். சேலையைக் கச்சமாக இழுத்துக் கட்டி, அண்ணனின் பழைய சட்டையை மாட்டி, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டாய்.

அண்ணாச்சி சின்ன வயதில் முத்துக் குளித்தவர். கயிற்றைப் பார்த்ததும் அவருக்கு முறை ஞாபகம் வந்துவிட்டது.

"கயிறு யாரு பிடிக்கது?"

"நீங்க பிடிங்களேன்."

"அது முறையில்ல பிள்ளே. கடல்ல எறங்குதவனுக்கு அவன் பொஞ்சாதி கூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். கூடப் பொறந்தவ தாலி அந்தக் கயித்துல இருக்குன்னு அவனுக்குத்தான் பதறும். வேற எவனுக்குப் பதறும்?" கொஞ்சம் யோசித்தார். "பொம்பளப் பிள்ளைக்கு யாரு பிடிக்கதுன்னு எங்கள்ல யாரும் சொல்லி வைக்கல."

"எனக்கு என் நாத்தனார் பிடிப்பா."

அவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நாத்தனாரா? நல்ல ஆளப் பிடிச்ச போ."

முத்துக் குளிப்பவர்கள் மாதிரி, அண்ணாச்சி வேறு கயிற்றில் கட்டி இறக்கிய கல்லில் கால் வைத்து நீ இறங்கினாய். கயிறு என் கைக்குள் ஓடி நின்றது. இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். உன் தலைமுடி தண்ணீருக்குள் விரிந்ததும், அதற்குமேல் கண்கூசி எதுவும் தெரியாமல் போனதும் நினைவிருக்கிறது. உடனே கயிறு துடித்தது. அது நீ கூப்பிடுவதுதான் என்று உயிரைக் கொடுத்து இழுத்தேன்.

"என்னளா?" என்றாய், கண்ணாடியைக் கழற்றி.

"நீதானே இழுத்த?"

"நானா? கயித்த நான் தொடவே இல்ல. மணலுக்கே போய்ச் சேரல."

மறுபடி இறங்கினாய். மறுபடி துடித்தது, மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை நீ உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே வந்தாய்.

"நாத்தனார்னா இப்பிடித்தான்," என்றார் அண்ணாச்சி. "விட்டா ஒரேயடியா விட்டுருவா, பிடிச்சா உயிர எடுத்துருவா." பிறகு மேற்கே பார்த்து முகம் மாறினார். "கச்சான் காத்து கெளம்புது. தண்ணி கலங்கிரும். இன்னும் ஒரு தரந்தான் பிள்ளே, பொறவு நான் நிக்க மாட்டேன்."

நாளைக் கழித்து மறுநாள் கப்பல். இந்த ஒரு முழுக்கு இல்லையென்றால் உனக்கு எதுவுமே இல்லை. நீ என்னைத் திட்டியிருக்கலாம், கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். படகின் விளிம்பைப் பிடித்து மிதந்துகொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாய். நார் அழுத்திய தடம் செக்கச்செவேலென்று கிடந்தது. விரித்த உள்ளங்கையில் கயிற்றைச் சும்மா கிடத்தினாய்.

"உன் கை நடுங்குதுளா. அந்த நடுக்கத்தத்தான் நான் கூப்பிடுறதா நெனைக்க. இறுக்காத, இப்பிடியே வச்சிரு. நான் கூப்பிட்டா உனக்குத் தெரியும்."

இறங்கிவிட்டாய்.

திறந்த கையில் கயிறு கிடந்தது. முதலில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமை எவ்வளவு நீளம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு, தூங்குகிற பூனையின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி மெல்லிய ஒரு அசைவு. நீ திரும்புகிறாய். ஒரு இழைவு, நீ நகர்கிறாய். ஒரு தளர்வு, எதையோ பார்த்து நின்றுவிட்டாய். கண்ணுக்குத் தெரியாத உன்னை என் உள்ளங்கை பார்த்துக்கொண்டிருந்தது. இறுக்கியபோது எனக்குக் கேட்டதெல்லாம் என் நெஞ்சுதான்.

அப்புறம் கூப்பிட்டாய். தெளிவாக, சந்தேகமே இல்லாமல், சுண்டியிழுத்த ஒரு வெட்டு. இழுத்தேன்.

மேலே வந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. விடுதி அறையிலும் இல்லை, மணவறையிலும் இல்லை. கண்ணாடியின் தடம் பதிந்து, மூச்சு வாங்கி, எங்களை யாரென்று அடையாளம் தெரியாதவள் போல ஒரு கணம் விழித்தாய்.

"முத்து எங்க பிள்ளே?" என்றார் அண்ணாச்சி.

நீ கையைத் திறந்தாய். வெறும் மணல். அதுவும் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது.

கரைக்குத் திரும்பும் வழியில், பாய் நிழலில் தலை துவட்டிக்கொண்டே சொன்னாய். "கீழ போனா வெளிச்சம் மேலேருந்து தொங்குதுளா, சேலை காயப்போட்ட மாதிரி. நீலத்துல ஒரு மீன் வந்து கண்ணாடிக்குள்ள எட்டிப் பாத்துது. பாத்துட்டு அதுபாட்டுக்குப் போயிட்டு. என்ன யாரும் ஒண்ணும் கேக்கல." முடியைப் பிழிந்துகொண்டே, "ஆனா கயிறு இடுப்புல இருந்துதா, அதான் அங்கனயே நிக்க முடிஞ்சுது" என்றாய்.

அதன்பிறகு கொழும்பு, அங்கிருந்து சிரிப்பும் கிண்டலுமாகச் சில கடிதங்கள், ஒரு விஷக்காய்ச்சல். அண்ணன் உன் தகரப்பெட்டியோடு தனியாகக் கப்பலிலிருந்து இறங்கினான். அங்கே உன் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் கையைப் பார்த்தால் போதுமாக இருந்தது. எதையோ கடைசிவரை பிடித்திருந்தவன் கை, பிடிக்க ஒன்றுமில்லாமல் மடியில் கிடந்தது. அந்தக் கையைப் பார்த்ததிலிருந்துதான், மதினி, என் விரல்கள் மறுபடியும் மடங்கிக்கொண்டன என்று நினைக்கிறேன். எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் போய்விடுகிறவர்கள் போய்விடுகிறார்கள் என்றால், இன்னும் இறுக்கமாகப் பிடிப்பதைத் தவிர வேறென்ன செய்யத் தோன்றும்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பலமுறை தொட்டில் பக்கம் எழுந்து போகப் பார்த்தேன். போகவில்லை. சற்று முன்பு இடது கையைத் திறந்து, நீ கிடத்திய மாதிரியே கயிற்றைக் கிடத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்த நீளம் எனக்குப் பழக்கமானதுதான். பிறகு வந்தது, அந்த மெல்லிய அசைவு. அவள் ஒருக்களிக்கிறாள். ஒரு காலை நீட்டுகிறாள். அடியில் எங்கோ, வெளிச்சம் தொங்குகிற இடத்தில், எதையோ பார்த்து நிற்கிறாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

சுவரில் வெயில் போய்விட்டது. விளக்கேற்ற மாமியார் வந்து, வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இந்த வரியை எழுதும்போது கயிறு வெட்டி இழுத்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னத்தில் சேலை மடிப்பின் தடத்தோடு, அழாமல், என்னை யாரென்று தெரியாதவள் போல ஒரு கணம் விழித்துக்கொண்டு கிடக்கிறாள். முழுத் தூக்கம் தூங்கி, தானாக மேலே வந்திருக்கிறாள்.

கை நடுங்கத்தான் செய்கிறது, மதினி. அது என் நடுக்கம் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். பிள்ளையைத் தூக்கப் போகிறேன்.