நட்சத்திரத்துக்குப் பின்னால் வந்தவை

மார்ச் 3, திங்கள்

இன்றும் இரண்டு ஃபைல்கள் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நானே கிட்டில், குழுவின் நிரல்களையெல்லாம் சேர்த்து வைக்கும் பொதுக் கிடங்கில், ஏற்றினேன். என் கணினியில் பத்திரமாக இருக்கின்றன. குழுவில் மற்றவர்கள் எடுத்துப் பார்த்தால் இல்லை. மருந்துக் குளிரறையில் சூடு ஏறினால் அலாரம் அடிக்க வைக்கும் நிரல் அது. பழைய ஃபைல்களில் ஒரு வரிகூடக் குறையவில்லை. புதிதாக எழுதுபவை மட்டும் காணாமல் போகின்றன. கிட்டுக்கு என்ன கண்ணா இருக்கிறது, பழசு புதுசு பார்த்துத் தின்ன?

மார்ச் 5, புதன்

எதிர் மேசைக் கண்ணாடிக்காரரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். கிட்டைப் பராமரிப்பது அவர்தான்.

"நீங்க ஏத்தவே இல்லையோ என்னவோ."

திரையைவிட்டுக் கண் எடுக்காமல் சொன்னார். போன மாதக் கூட்டத்தில் அவர் வடிவமைப்பை ஓட்டை என்று சொன்னவள் நான். அது மனதில் இருக்கும். ஏன் இருக்காது?

மார்ச் 6

காபி மெஷின் பக்கம் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். அவரும், நிரலைச் சோதிக்கும் டெஸ்டரும்.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் சோதனை ஓட்டம். காலிக் குளிரறையின் கதவைத் திறந்து வைத்தோம். எட்டு டிகிரி, பத்து, பதினாலு — அலாரம் வாயே திறக்கவில்லை.

"இதை நம்பி நாங்க வீட்டுக்குப் போகணுமா?" என்றார் மருந்தாளர் அம்மா. பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது.

காரணம் அதே ஃபைல்கள்தான். அழிக்கிறது அந்தக் கண்ணாடிக்காரன்தான். வேற யாரு? நேரே மேலாளர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். "எழுதிக் குடுங்க"ன்னார். மெயில்லயே குடுத்துட்டேன். பேரோட.

மார்ச் 11

அவனுடைய கிட் அனுமதியை எடுத்துவிட்டார்கள். மேல்மாடிக்கு மாற்றல். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

மார்ச் 13, வியாழன்

அவன் இல்லை. அவன் அனுமதியும் இல்லை. இன்று நான் ஏற்றிய ஃபைலும் இல்லை.

ஒரு ஃபைலை ஏன் ஒதுக்குகிறாய் என்று கிட்டிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. இத்தனை நாள் தோன்றவில்லை. ஆளைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தோன்றும்? ஒரே வரியில் பதில் வந்தது. 'சேர்க்க வேண்டாம்' பட்டியல், பதினாலாம் வரி: temp*

தற்காலிகக் குப்பைகளை ஒதுக்க எழுதிய விதி. ஆனால் அந்த நட்சத்திரம், temp-க்குப் பின்னால் எது வந்தாலும் தள்ளிவிடும். என் ஃபோல்டரின் பெயர் temperature. முன்பே ஏறியவற்றை விதி தொடாது, புதியவற்றை உள்ளே விடாது.

விதியை எழுதியவர் கண்ணாடிக்காரர். பார்த்தாயா என்று ஒரு கணம் துள்ளினேன். கூடவே அவருடைய குறிப்பு: 'அலாரம் மேடம் கேட்டதால் சேர்த்தது.'

அலாரம் மேடம் நான்தான். ஜனவரியில், குப்பை ஃபைல்களை ஒதுக்கச் சொல்லி. ஆமாம், கேட்டேன். கேட்டேனே!

மார்ச் 14

என் ஃபைல்களுக்கு மட்டும் விலக்கு எழுதிப் பார்த்தேன். எடுபடவில்லை. மாடி ஏறினேன். கண்ணாடிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஃபோல்டரையே தள்ளிட்டு, உள்ள இருக்கிற ஃபைலுக்கு விலக்கா? வாசலைப் பூட்டிட்டு பீரோவைத் திறந்து வெச்ச மாதிரி. நட்சத்திரத்தை எடுத்துட்டு சாய்கோடு போடுங்க. temp-ங்கிற ஃபோல்டர் மட்டும் ஒதுங்கும்."

மன்னிப்புக் கேட்டேன்.

"மெயில்ல கேளுங்க. புகாரும் மெயில்லதானே போச்சு?"

மொத்தக் குழுவுக்கும் அனுப்பினேன்.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரியில் அலாரம் எட்டாவது டிகிரியில் கத்தியது. மருந்தாளர் அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கண்ணாடிக்காரர் எதிர் மேசைக்குத் திரும்பிவிட்டார். மாலை, புதிதாக ஏற்றிய நாலு ஃபைலும் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு மேடம். நாலும் இருக்கு." கைபேசியை எடுத்துக் காட்டினார். "திரையைப் படம் எடுத்து வெச்சிருக்கேன். தேதி, மணியோட. இனிமே தினமும் எடுப்பேன்."

சரி என்றேன்.