ஐம்பத்தெட்டு கிலோவுக்கு ஒரு வண்டி

ஜனவரி 9

என்னைப் பெத்த அம்மாவுக்கு,

லெட்டர் வந்தது. யாரோ உன் கையெழுத்துல விளையாடுறாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். "காட்டுப் பாதையிலும் ஓட்ட வேண்டும், போட்டியிலும் கலந்துகொள்ள வேண்டும், எந்த பைக் வாங்கலாம், சொல்." இதை எழுதினது நீ! என் ஹெல்மெட்டைத் தூக்கி தண்ணித் தொட்டிக்குள்ள போட்ட அதே நீ. மூணாவது வருஷம் காலேஜை விட்டுட்டு நான் பைக் பட்டறையில சேர்ந்தப்ப, "கிரீஸ் நாத்தத்தோட என் பக்கத்துல உக்காராத"ன்னு தட்டைத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போன அதே நீ.

உனக்கு நாப்பத்தெட்டு வயசு. ஞாபகம் இருக்கா?

போன்ல பேசினா மூணாவது வார்த்தையில சண்டை வருது, இனிமே எழுத்துலயே வச்சுக்கலாம்னு சொன்னதும் நீதான். இப்ப பாரு, எழுத்துலயும் வருது.

சரி, கேட்டுட்ட. நான் சொல்லலைன்னா நீ வேலை பார்க்குற அந்தக் கல் குவாரியில எவனாவது சொல்றதைக் கேட்டு எதையாவது வாங்கி வச்சுடுவ. அதனால ஒழுங்கா பதில் எழுது. முதல்ல உன் வெயிட். பூட்ஸ், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு மெஷின்ல ஏறிப் பார்த்த வெயிட். கிளினிக்ல மெஷின் இருக்கு, நீதான் நர்ஸ், சாக்கு சொல்லாத. ஆளோட வெயிட் தெரியாம மண் பாதையில ஓட்டுற வண்டி வாங்குறது, கால் அளவு தெரியாம செருப்பு வாங்குற மாதிரி. அப்புறம் உன் கால் நீளம். அங்க தரை எப்படி, மணலா, கல்லா, சேறா, அதையும் எழுது.

இன்னொண்ணு. ஜூன்ல உன் ஒப்பந்தம் முடியுது, வீட்டுக்கு வந்துடுவ. அதுக்குள்ள எதுக்கு சொந்த வண்டி? யார்கிட்டயாவது இரவல் வாங்கி ஓட்டிட்டு வந்து சேர வேண்டியதுதானே? உன் மாடி ரூமுக்கு வெள்ளை அடிச்சு, ஜன்னல் கொக்கி மாத்தி வச்சிருக்கேன். சும்மா தகவலுக்குச் சொல்றேன்.

இப்படிக்கு,
கிரீஸ் நாத்தம்


ஜனவரி 27

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். நீயும் நலம் என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்பு முடியாத பெண்ணால் இவ்வளவு நீளமாகத் திட்ட முடியாது.

எப்படி ஆரம்பித்தது என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். கிளினிக் கீழே இருக்கிறது, கல் உடைக்கும் இடம் மேலே. ஆம்புலன்ஸ் மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு நாள் மேலே ஒருவருக்குக் கை நசுங்கிவிட்டது என்று தகவல் வந்தபோது, இங்கே உள்ள மெக்கானிக் (எல்லோரும் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்) என்னை மண் பாதையில் ஓட்டுகிற ஒரு பழைய பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் குறுக்குப் பாதையில் ஏற்றினார். பயத்தில் அவர் சட்டையைக் கிழித்துவிட்டேன். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த வாரமே, எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றேன். முதல் நாள் நான் கீழே விழுந்ததைவிட வண்டி என் மேல் விழுந்ததுதான் அதிகம்.

இப்போது விடுமுறை நாட்களில் நாங்கள் நாலு பேர் காய்ந்த ஓடை வழியாக மலைக்குப் போகிறோம். பக்கத்தில் வருஷா வருஷம் போட்டி வைக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. போன தடவை அதில் ஓட்டியது மூன்று பேர். மூன்று பேருக்கும் கோப்பை கொடுத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

சமையல்காரர் 450 சிசி வாங்கச் சொல்கிறார். டிரைவர் டூ ஸ்ட்ரோக்தான் வண்டி, மற்றதெல்லாம் தையல் மெஷின் என்கிறார். ஸ்பேனர் வாயைத் திறக்காமல் சிரிக்கிறார். சிவப்பு நிறத்தில் கிடைக்குமா?

தரை பாதி உருட்டுக் கல், பாதி மணல். கால் நீளம் உனக்கே தெரியும், உன் ஜீன்ஸை மடிக்காமல் போட்டுக்கொள்வேனே. வெயிட் எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தது நல்லது. சுவரில் ஈரம் இறங்குகிறதா என்று பார்.

அன்புடன்,
அம்மா


பிப்ரவரி 11

அம்மா,

அம்பத்தெட்டா? பூட்ஸோட? ஹெல்மெட்டோட? நீ அம்பத்தெட்டு இருந்தது என்னை ஸ்கூல்ல சேர்த்த வருஷம். முதலாளிகிட்ட லெட்டரைக் காட்டினேன். "கஸ்டமர் சொல்ற வெயிட்டை அப்படியே எழுதிக்கணும். கஸ்டமர் அம்மாவா இருந்தா மூச்சே விடக் கூடாது"ன்னுட்டார். அதனால எழுதிக்கிட்டேன். சந்தோஷமா?

இப்ப வண்டிக்கு வா. 450 வேண்டவே வேண்டாம். கொஞ்சம் அதிகமா முறுக்கினா வண்டி போயிடும், நீ அங்கயே உக்காந்திருப்ப, தரையில. சமையல்காரரை உப்பு புளியோட நிறுத்திக்கச் சொல்லு. டூ ஸ்ட்ரோக் நல்ல வண்டிதான், லேசா இருக்கும், மலை ஏறும். ஆனா கம்முனு இருந்துட்டு திடீர்னு கத்தும். நம்ம வீட்டுல ஏற்கெனவே ரெண்டு பேர் அப்படி இருக்கோம், மூணாவது வேண்டாம்.

ரேஸுக்குன்னே செஞ்ச வண்டியும் உனக்கு ஆகாது. லைட் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, சீட்டு உன் இடுப்புக்கு மேல நிக்கும், இன்ஜினை அடிக்கடி பிரிச்சு மேயணும். ரேஸுக்கும் காட்டுக்கும் ஒரே வண்டி வேணும்னு கேட்டு பட்டறைக்கு தினம் ஒருத்தர் வர்றாங்க. ரெண்டுலயும் முக்காவாசிதான் கிடைக்கும், பரவாயில்லையான்னு கேப்பேன். மூணு பேர் ஓடி மூணு பேருக்கும் கோப்பை தர்ற ரேஸுக்கு அந்த முக்காவாசி தாராளம்.

அதனால 250 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், காட்டுப் பாதைக்குன்னு செஞ்ச டிரெயில் வண்டி. நான் ஓட்டுற அதே மாடல், அதே கால்தானே உனக்கும். செல்ஃப் ஸ்டார்ட் கண்டிப்பா இருக்கணும். செங்குத்தான மேட்டுல பாதியில நின்னுபோச்சுன்னா, ஒத்தக் காலை ஊனிக்கிட்டு கிக்கரை உதைச்சுப் பாரு, அப்பத் தெரியும். பின் சக்கரம் பதினெட்டு இஞ்ச்சான்னு பார்த்து வாங்கு. பத்தொன்பது போட்டிருந்தா அது டிராக்குல ஓட்டுறது. டயர் சுவர் மெலிசு, உன் உருட்டுக் கல்லுல ரிம் நசுங்கிடும். கலர் பத்தி என்னைக் கேக்காத. நான் என்ன துணிக்கடையா வச்சிருக்கேன்?

கம்பெனியில இருந்து வர்ற பின் ஸ்பிரிங் கனமான ஆளுக்குப் போட்டது. உன் அம்பத்தெட்டுக்கு அது கட்டை மாதிரி இருக்கும். மெலிசு ஒண்ணு என்கிட்ட இருக்கு, பார்சல்ல அனுப்புறேன், ஸ்பேனரை மாட்டச் சொல்லு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன்: என்கிட்ட பொய் சொல்லலாம், ஸ்பிரிங்கிட்ட சொல்ல முடியாது.

ஜூன் பத்திக் கேட்டிருந்தேன். நீ சுவத்துல ஈரம் பத்திக் கேட்டிருக்க. ஈரம் இல்ல. டிக்கெட் எப்போ போடுற?

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன மெக்கானிக்


மார்ச் 6

அன்பு வாலுக்கு,

வந்துவிட்டது! சிவப்பு! பதினெட்டு இஞ்ச்சுதான், நானே குனிந்து டயரில் படித்துப் பார்த்தேன். நீ சொன்ன எல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது, கடைக்காரர் என்னைப் பட்டறையில் வேலை பார்க்கிற ஆள் என்று நினைத்துவிட்டார். நான் இல்லை, என் மகள் என்றேன். சொல்லும்போது நன்றாக இருந்தது.

உன் ஸ்பிரிங்கும் வந்தது, மாட்டியாகிவிட்டது. ஸ்பேனர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிஜமாவே இதுதான் உங்களுக்கா?" என்று கேட்டார். மகள் அனுப்பியது, பேசாமல் மாட்டுங்கள் என்றேன்.

இரண்டு சந்தேகம். மணலில் முன் சக்கரம் தன் இஷ்டத்துக்கு அலைகிறது, ஏன்? அடுத்து, இங்கே நம்பர் பிளேட்டுக்கு ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டுகிறீர்களா, ஐந்து வருஷத்துக்கா என்று கேட்கிறார்கள். ஐந்தாகவே போட்டுவிடட்டுமா? திரும்பத் திரும்ப அலைய வேண்டாம். செப்டம்பர் போட்டிக்குப் பெயர் கொடுக்கவும் நம்பர் பிளேட் வேண்டுமாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா


மார்ச் 20

அம்மா,

செப்டம்பர்.

எழுதும்போது உனக்கே உறைக்கலையா? ஜூன்ல வீட்டுக்கு வர்ற ஆளுக்கு செப்டம்பர்ல அங்க என்ன ரேஸ்? அஞ்சு வருஷ நம்பர் பிளேட் எதுக்கு?

நீ வரப் போறதில்ல. அங்கயே தங்குறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டு, அதுக்கு வண்டியையும் என்னை வச்சே தேர்ந்தெடுத்திருக்க. நானும் லூசு மாதிரி பின் சக்கரம் எத்தனை இஞ்ச்னு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கேன். யாரைக் கேட்டு பண்ணின?

முன் சக்கரம் ஏன் அலையுதுன்னு உன் ஸ்பேனரையே கேளு. எனக்கு எழுதாத.


ஏப்ரல் 19

வாலு,

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே. மணிக்கட்டில் கட்டு. ஓடையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டி பின்னாலிருந்து என்னைத் தூக்கி எறிந்துவிட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பைக்கைப் பற்றி முதல் கடிதம் எழுதியதற்கு முன்பே போட்டாகிவிட்டது. பைக்கில் ஆரம்பித்து அப்படியே இதையும் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். நீயோ வெயிட், பூட்ஸ், ஸ்பிரிங் என்று அவ்வளவு ஆசையாகத் திட்டி எழுதினாய். நீ காலேஜை விட்ட பிறகு நாம் அப்படிப் பேசிக்கொண்டதே இல்லை. அதை நடுவில் கெடுக்க மனசு வரவில்லை.

யாரைக் கேட்டுப் பண்ணினாய் என்கிறாய். ஒரு மாதம் பையைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குப் போவது போலப் பட்டறைக்குப் போய்விட்டு வந்து, கடைசியில் நீ உண்மையைச் சொன்ன அன்று நானும் இதையேதான் கேட்டேன். "கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப" என்றாய். அப்போது உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. இப்போது என்னிடமும் அந்த ஒரு பதில்தான் இருக்கிறது.

உனக்காகச் சம்பாதிக்கத்தான் இங்கே வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். வந்தது உனக்காகத்தான். இருப்பது எனக்குப் பிடித்திருப்பதால். அந்த வீட்டில் எந்த ஜன்னலை நினைத்தாலும் அங்கே நான் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வருகிறது. முதலில் உன் அப்பாவுக்காக. அவர் வருவதை நிறுத்திய பிறகு உனக்காக. இங்கே மேட்டின் உச்சியில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும்போது நான் யாருக்காகவும் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெயிட் எழுபத்தொன்று. பூட்ஸ், ஹெல்மெட், ஜாக்கெட்டோடு எண்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அம்மா


மே 25

வாலு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கட்டு அவிழ்த்தாகிவிட்டது. வண்டி கொட்டகையில் துணி போர்த்தி நிற்கிறது, நான் தொடவில்லை.

அலுவலகத்தில் கேட்டேன். ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாமாம். நீ வா என்று எழுதினால் வண்டியை விற்றுவிட்டு வந்துவிடுகிறேன். மனசாரத்தான் சொல்கிறேன். ஒரு வரி போதும்.

அம்மா


ஜூன் 8

அம்மா,

விக்காத. இதை முதல்லயே எழுதிடுறேன், அப்புறம் திட்டுற வேகத்துல விட்டுப்போயிடும்.

இவ்வளவு நாள் ஏன் எழுதலன்னா, எழுத உக்காந்தா "வந்துடு"ன்னுதான் கை போகுது. நாலு பேப்பர் கிழிச்சேன். எழுதினா நீ வந்துடுவ. வந்து அதே ஜன்னல்கிட்ட நிப்ப. நான் பட்டறையில இருந்து லேட்டா வருவேன். நீ தட்டை மூடி வச்சுட்டு முறைப்ப. நான் கத்துவேன். யாருக்கு லாபம்? கோபம் தீரல, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

எண்பது! அம்பத்தெட்டுக்கான ஸ்பிரிங் மேல எண்பதை உக்கார வச்சா பின்பக்கம் தொங்காம என்ன பண்ணும்? முன் சக்கரத்துல பாரமே இருக்காது, மணல்ல அலையத்தான் செய்யும். பள்ளத்துல இறங்கினா ஸ்பிரிங் அடிவரைக்கும் போய் ஆளைத் தூக்கி எறியும். எறிஞ்சிருக்கு. இதுல கொடுமை என்னன்னா, கம்பெனிக்காரன் போட்டு அனுப்பின ஸ்பிரிங் உன் எண்பதுக்கு அப்படியே சரியா வரும். நீ உண்மையைச் சொல்லியிருந்தா ஒரு நட்டைக்கூடத் தொட்டிருக்க வேண்டாம். மெஷின் மேல நின்னு ஊருக்கெல்லாம் வெயிட் பார்க்குற நர்ஸு!

கழட்டினதை ஸ்பேனர் பத்திரமா வச்சிருப்பார், எந்த மெக்கானிக்கும் அதைத் தூக்கிப் போட மாட்டான். அதையே திரும்ப மாட்டச் சொல்லு. என்னோடதைத் திருப்பி அனுப்பு. அது என் வண்டியில இருந்து கழட்டினது. எல்லாம் மாட்டிக்கிட்டு அம்பத்தெட்டு வர்றது நான். ஜீன்ஸை எடுத்துப் போட்டுக்கிட்ட மாதிரி என் வெயிட்டையும் எடுத்துப் போட்டுக்கிட்ட போல. அது போனதுல இருந்து நான் கட்டை மேல உக்காந்துதான் ஓட்டிட்டு இருக்கேன்.

நம்பர் பிளேட் அஞ்சு வருஷமே போடு. மாடி ரூம்ல பட்டறை டயரை எல்லாம் கொண்டுவந்து அடுக்கிட்டேன். கோப்பை வைக்க ஜன்னல்கிட்ட கொஞ்சம் இடம் விட்டிருக்கேன். மூணு பேர்ல மூணாவதா வந்தாலும் சரி.

ஸ்பிரிங்கை மாட்டினதும் அளவு பார்க்கணும். தனியா முடியாது. சமையல்காரர் முன்னாடி நின்னு ஹேண்டிலைப் பிடிக்கட்டும். ஸ்பேனர் பின்னாடி டேப்பை வச்சு, சக்கரத்தோட நடுவுல இருந்து மட்கார்டு வரைக்கும் அளக்கட்டும். வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒரு தடவை, எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு நீ மேல உக்காந்து ஒரு தடவை. ரெண்டு அளவுக்கும் வித்தியாசம் பத்து சென்டிமீட்டர் வரணும். வரலைன்னா எனக்கு எழுது.

உன்னைப் பத்தித் தெரியும். ஏறி உக்காந்ததும் ஒரு கால் நுனியைத் தரையில ஊனிப்ப. சும்மா ஒரு பிடிமானத்துக்குன்னு சொல்லுவ. அப்படி ஊனினா அளவு பூரா தப்பு. பாதி பாரம் தரையிலயே நின்னுடும், உன்னை எப்படித் தாங்குறதுன்னு வண்டிக்குத் தெரியாது. ரெண்டு காலையும் தூக்கி ஃபுட்ரெஸ்ட் மேல வச்சுட்டு முழுசா உக்காரு. பிடிச்சுக்க முன்னாடி ஆள் இருக்கு, விழ மாட்ட.

தூக்கும்மா காலை.

வாலு