பிறந்தநாளுக்கு முந்தைய நான்கு அடிகள்

சியே அக்கா,

அரிசியை இடித்துப் பிடித்த இரண்டு கிலோ மோச்சிக் கொழுக்கட்டைக்கு மனிதனின் தலைவிதியை மாற்றும் சக்தி கிடையாது. மனித இனத்தின் சார்பில் இதை அறிவிக்கிறேன்.

நேற்று நீ அழுதாய். "ஒரு வயசுக்கு முன்னாடி நடக்கிற பிள்ளை, அவன் அப்பா மாதிரியே வீட்டை விட்டுப் போயிடும்டா. அப்படி நடந்தா மோச்சியை முதுகுல கட்டி விழ வைக்கணும், அப்போதான் போகாது." நான், "நீ நர்ஸா, மந்திரவாதியா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

இன்று காலை நீ நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும்போது உன் மகன் ஹிபிகி எழுந்து நின்றான். நான்கு அடி வைத்தான், நேராக வாசல் கதவுக்கு. நாளைதான் அவனுக்கு முதல் பிறந்தநாள்.

மிசோ சூப் அடுப்பில் இருக்கிறது. அவனை உன் பக்கத்தில் தூங்க வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போகிறேன்.

சோஜி

பி.கு.: மோச்சி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ஹிபிகி மெத்தை மேல்தான் விழுந்தான். சந்தேகம் வேண்டாமென்று இரண்டு தடவை முதுகில் கட்டினேன்.