ஜுரம் இறங்கிய நாள்

பெருமதிப்பிற்குரிய முதுநிலை ஆய்வாளர் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் கணவன் எழுதிக்கொள்வது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு நான் இங்கு நலம். தாங்களும் நலமென்று ஆய்வு நிலையத்து ஜீப் ஓட்டுநர் வந்து சொன்னார். "மேடத்துக்கு ஜுரம் விட்டுடுச்சு சார். காலைல எந்திரிச்சு உக்காந்து காபி கேட்டாங்க. இனிமே பயமில்ல" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு, என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாதென்று செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

மரியாதை இவ்வளவு போதும். இனி நீ என்றே எழுதுகிறேன்.

கொசுவால் வரும் இந்த ஜுரம் இறங்கும் நாளைப் பற்றி நீ பேசாத மேடை உண்டா? பள்ளிக்கூடங்களில் பேசினாய், மருத்துவர்கள் நிரம்பிய அரங்குகளில் பேசினாய். "ஜுரம் விட்டுச்சுன்னு நிம்மதியாத் தூங்கிடாதீங்க. ரத்தக் குழாய் உள்ளுக்குள்ள கசியறது அப்பதான்" என்பாய். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். முதல் முறை வந்ததைவிட இரண்டாம் முறை வருவதே ஆளைச் சாய்க்கும் என்பதும் நீ சொல்லித் தந்த பாடம். உனக்கு இது இரண்டாம் முறை. ஊசி போடக்கூட ஆளில்லாத காட்டோரத்தில் காபி கேட்கிறாய்.

எப்படி வந்ததென்பதையும் ஓட்டுநர் வெள்ளந்தியாகச் சொன்னார். மரப்பொந்துகளில் காய்ந்து கிடந்த முட்டைகளை நனைத்து, வலை அறைக்குள் நீ வளர்த்த கொசுக்கள்; பிறந்ததிலிருந்து யாரையும் கடித்திராதவை. தினமும் உன் ரத்தம் கொடுத்து வளர்க்கும் பழைய கூண்டென்று நினைத்து, இந்தக் கொசுக்களின் கூண்டுக்குள் கையை விட்டுவிட்டாயாம். கை தவறிவிட்டதாம். இத்தனை வருடமாக ஒருமுறைகூடத் தவறாத கை அது.

தாய்க் கொசு தன் முட்டைக்குள் நோயை வைத்துவிட்டுச் சாகிறது, அந்த நோய் கோடை முழுக்கப் பொந்தில் உறங்கி முதல் மழைக்கு விழிக்கிறது என்று நீ ஆய்விதழுக்கு எழுதியபோது சிரித்தார்கள். முட்டையில் கிருமி இருக்கலாம், அதனால் ஒரு மனிதருக்காவது காய்ச்சல் வந்ததைக் காட்டு என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று நீ அழவில்லை. துணி மடித்துக்கொண்டே, "காட்டறேன்" என்றாய். இப்போது காட்டிவிட்டாய். பாராட்டுகிறேன்.

மதியம், ஓட்டுநர் ஜீப்பில் மெத்தை போடப் போன நேரத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்து கனவு கண்டேன். வீட்டுக்குள் ஜன்னல் உயரம் தண்ணீர். புத்தகங்கள் ஒன்றுகூட நனையவில்லை. தண்ணீரின் மேல்தோலைப் பிடித்தபடி நான் தலைகீழாகத் தொங்குகிறேன், உன் தட்டுகளில் கொசுப் புழுக்கள் தொங்கி மூச்சு வாங்குமே, அதுபோல. மேலே ஒரு வெளிச்சம், அதில் குனிந்த உன் முகம், கையில் உறிஞ்சுகுழல். என்னை எடுத்துவிடுவாய் என்று அசையாமல் காத்திருந்தேன். நீ பக்கத்துத் தட்டுக்குப் போய்விட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விழித்த பிறகுதான் கோபம் வந்தது.

அதே வெதுவெதுப்பு உன் வளர்ப்பறையில் உண்டு. நமக்கு நிச்சயமான சமயம், பெண்ணுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டபோது கொசு வளர்க்கிறாள் என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கல்யாணமான புதிதில் அங்கே கூட்டிப்போனாய். விளக்குகளை மெல்லத் தணித்து உச்சிவெயிலில் ஒரு அந்தியை உண்டாக்கினாய். வெள்ளை வலைகளுக்குள் அவை புகைபோல எழுந்தன. கூண்டு வாயில் தைத்த துணிக் குழாய் வழியே நீ கையை நுழைத்துக்கொண்டாய். நானும் நீட்டினேன். "உங்களக் கடிச்சா அதுங்களுக்கு ஜீரணமாகாது" என்று தள்ளிவிட்டாய். கணக்குப் பாடம் நடத்துகிறவன், அந்தப் பொய் அந்தியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அவ்வளவு அமைதி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. உன் முழங்கையின் சிவப்புப் புள்ளிகளை நட்சத்திரங்கள் என்று சொல்லித் திரிந்த முட்டாளும் நானே.

இனி நடக்கவேண்டியவை. ஜீப்பின் பின்இருக்கையில் மெத்தை போட்டிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை சொல்லியாயிற்று. வழியில் குடிக்க உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் இருக்கிறது. வலி மாத்திரை எதையும் தொடாதே, உனக்கே தெரியும். சோதனைக்கென்று உன் ரத்தத்தை நீயே எடுத்து அடைத்துவைத்த கண்ணாடிக் குழாய்களை விட்டு நகரமாட்டாய் என்று ஓட்டுநர் சொன்னதால், அவற்றுக்கும் ஐஸ் பெட்டி ஏற்றியிருக்கிறேன். சோதனைக்கு வேண்டிய மீதி ரத்தத்தை இங்கே ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்துக்கொள்ளலாம், மருத்துவர் சம்மதித்துவிட்டார். ஆகவே உன்னிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. இந்தக் காலோடு நான் வந்தால் நீ படுக்க இடமிருக்காது. அதனால்தான் காகிதத்தை அனுப்புகிறேன்.

வர மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள். நீ இல்லாத பிறகு உன் ரத்தத்துக்கு உரியவன் நான். அதைச் சோதிக்க அனுமதி கேட்டு என்னிடம்தான் வருவார்கள். கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு சொட்டைக்கூடத் தொட விடமாட்டேன். சிரித்தவர்கள் சிரித்தபடியே இருக்கட்டும். முதல் மழையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வரட்டும். நான் அப்படிச் செய்கிறவன்தானா என்று நீ யோசிப்பாய். யோசனையை ஜீப்பில் ஏறிய பிறகு வைத்துக்கொள்.

நூறாண்டு இருந்து என்னோடு சண்டை போடு.

கோபம் சற்றும் தணியாத,
உன் கணவன்