பூண்டுப் பாத்தியில் மஞ்சள் கற்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கல்லை எப்படி எடுப்பது நல்லது என்று போனில் நீ கேட்டபோது உன் மச்சான் பக்கத்திலேயே இருந்தார், அதனால் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரரின் பித்தக்குழாயில் இருக்கும் பெரிய கல்லை, பலூனால் வழியை விரித்து முழுசாக எடுக்கலாம். லேசரால் உடைத்தும் எடுக்கலாம். "ரெண்டுமே நல்ல வழிதாம்மா" என்றார் எங்கள் டாக்டர். மச்சானுக்கு உடைத்துதான் எடுத்தார்கள். துண்டுகளைக் குப்பியில் வாங்கி வந்து, காட்டில் உழும்போது பொறுக்கும் கற்களோடு பாத்தி வரப்பில் கொட்டினேன்.

மழைக்குப் பிறகு பூண்டுப் பாத்தி முழுக்க மஞ்சள் கற்கள். மச்சான் விடிய வெள்ளனே போய்ப் பொறுக்குகிறார். "தொட்டுப் பாரு புள்ள, இன்னும் சூடா கெடக்கு" என்கிறார். தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

இப்போது எடுத்த ஸ்கேனில் அவருக்குக் கல்லே இல்லை. நேற்றிலிருந்து எனக்குத்தான் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது.

எப்படி எடுத்தாலும் சரி. கல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதே.

உன் அக்கா