ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்

அப்பா,

சமையலறையில் உங்கள் இரண்டாவது கடிகாரம் இன்னும் ஓடுகிறது. இப்போது இரவு மணி பதினொன்று. அதில் ஐந்தரை. அம்மா தூங்கிவிட்டாள். அடுப்புக்கு மேலே உள்ள சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு ரஃப் நோட்டில் எழுதுகிறேன். பக்கத்தில் உங்கள் பச்சை டைரி. அது என்னிடம் இருப்பது யாருக்கும் தெரியாது.

அந்தக் கடிகாரத்தைத் தேவராஜ மார்க்கெட்டில் வாங்கி வந்து, வேண்டுமென்றே ஐந்தரை மணி நேரம் பின்னால் வைத்து மாட்டினீர்கள். கடலில் எந்த நாட்டுக் கப்பலுக்கும் பொதுவாக அந்த கிரீன்விச் நேரம்தான் என்றீர்கள். மைசூரில் ஏது கடல் என்று அம்மா கேட்டதற்கு, "என் ஸ்கிரீன்ல இருக்குதே" என்றீர்கள். கடலோரக் காவல், மீன்வளத் துறை, துறைமுகம், சுங்கம் என்று தனித்தனியாகப் பூட்டி வைத்திருந்த தகவல்களை ஒரே திரையில் சேர்ப்பது உங்கள் வேலை. "ஒரு ஆபீஸ் பாத்தது இன்னொரு ஆபீஸுக்குத் தெரியலைன்னா, நடுவுல ஒரு படகு தொலைஞ்சு போயிரும், அம்மிணி" என்பீர்கள்.

கொள்ளேகால் அத்தை வந்திருந்தபோது, கடிகாரம் தப்பாக ஓடுகிறதே என்று அதைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டார். காலை ஆறு மணிக்கு நீங்கள் அதைப் பார்த்து, பழக்கத்தில் ஐந்தரையைக் கூட்டி, பதினொன்றரை ஆகிவிட்டது என்று பல்கூடத் தேய்க்காமல் செருப்பை மாட்டினீர்கள்.

"ஏன்டா, கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு வெளிய வெளிச்சம் எப்படி இருக்குதுன்னு தெரியாதா?" என்றார் அத்தை.

நீங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள். "அக்கா திருத்துனதை நான் இன்னொருக்கா திருத்திட்டேன்."

இன்று மாலை உங்களோடு வேலை பார்த்த அங்கிள் வந்தார். கன்னடத்தில் அம்மாவிடம் மெதுவாகத்தான் பேசினார். ஒரு ரேடார் நிலையம் சொல்லும் படகுகள் மட்டும் திரையில் பழைய இடத்திலேயே நிற்கின்றனவாம். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். நாளை மறுநாள் மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகின்றன. ஒன்று கவிழ்ந்தாலும் தப்பான இடத்தில்தான் தேடுவார்கள். நீங்கள் எழுதி வைத்தது ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். எழுந்து போகும்போது, அடுத்த வாரம் ஆபீஸ் ஹாலில் உங்கள் படத்தை மாட்டப் போவதாகச் சொன்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

டைரி என் ஸ்கூல் பையில் இருந்தது. நானும் கன்னடத்திலேயே, "இல்லா அங்கிள்" என்றேன்.

ஏனென்றால் நான் அதைப் படித்துவிட்டேன். "மற்ற நிலையங்கள் கப்பல் நேரத்தை அனுப்புகின்றன; அந்த நிலையம் மட்டும் நம்ம நேரத்தையே அனுப்புகிறது. தெரியாமல் அதற்கும் ஐந்தரை கூட்டிவிட்டேன். பழைய இடம் புதுசு போலத் தெரியும். திங்கட்கிழமை சொல்ல வேண்டும்." தாளின் பின்பக்கத்தில், அடுத்த வாரத் தேதி போட்டு, "திங்கட்கிழமை கட்டாயம்." அதற்குக் கீழே இன்னொரு வாரம், இன்னொரு திங்கட்கிழமை. நான்காவது திங்கட்கிழமை நீங்கள் இல்லை.

ஏன் சொல்லவில்லை அப்பா? அந்த வேலை சரியாக இருக்கிறதென்று கையெழுத்துப் போட்டதே நீங்கள்தான். இதைக் கொடுத்தால், தெரிந்தே மறைத்தார் என்று சொல்வார்கள். படத்தை மாட்டமாட்டார்கள். அம்மா எப்படித் தாங்குவாள்? பின்பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். ஒரே தாளில் ஒரு பக்கத்தை மட்டும் எப்படிக் கிழிப்பது?

ஊரிலுள்ள ஆபீஸையெல்லாம் ஒன்றுக்கொன்று பேச வைத்தீர்கள். இதை மட்டும் பச்சை டைரிக்குள் வைத்துக்கொண்டீர்கள். இன்று மாலையிலிருந்து நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மாவின் போனில் தாளின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து இப்போது அங்கிளுக்கு அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் பார்க்கவில்லை. அம்மாவிடம் காலையில் நானே சொல்ல வேண்டும். நாளை வியாழக்கிழமை. திங்கட்கிழமைவரை தள்ளிப்போட எனக்குப் பயமாக இருந்தது.

உங்கள் கடிகாரத்தில் இப்போது ஆறு. உங்களைப் போலவே ஐந்தரையைக் கூட்டுகிறேன். ஒரே ஒரு முறைதான் கூட்டினேன், அப்பா.